ஞானப்பல்லும் முதலை அத்தையும்

மார்ச் 3

காலையிலிருந்து மதியத்துக்குள் இழவு வீட்டில் மூன்று பெண்களாக அழுதேன். தீப்பிடித்த கட்டடத்திலிருந்து அலறிக்கொண்டு ஓடினேன். விமான நிலையத்தில் யாரோ ஒருத்தியாக "டிக்கெட்ட எங்க வச்சீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனேன். எட்டு வருஷமாக இதுதான் உத்தியோகம். கூட்டக்குரல். படத்தில் நாலு பேர் முன்னால் நின்று பேசும்போது பின்னால் இரைச்சல் கேட்கிறதே, அது நான்.

ஒலிக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து எப்போதும்போல, "ஓட்டை விழுது, ஓட்டை விழுது! நிரப்புங்க!" என்று கத்திக்கொண்டே இருந்தார். கூட்டத்துக்கு அது ஒன்றுதான் சட்டம். ஒரு நொடி சத்தம் நின்றாலும் காட்சி படுத்துவிடும். நிரப்பினேன். ஆனால் வலது பக்கக் கீழ்த்தாடை, கடைசி மூலை, விண்விண் என்று தெறித்தது. நேற்று மூன்று விரல் நுழைந்த வாயில் இன்றைக்கு இரண்டுதான் நுழைகிறது.

வருகைத் தாளில் பெயருக்கு எதிரே "பாத்திரம்" என்று ஒரு கட்டம் இருக்கும். வழக்கம்போல எழுதினேன்: கூட்டம்.

கிளம்பும்போது ஒலிக்காரர் கூப்பிட்டார். "நாளைக்கு ஒரு கார்ட்டூனுக்குக் குரல் தேர்வு. வயசான முதலை. வந்து பேசிப் பாக்கறீங்களா?"

நானா! "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டேன். இந்த வாயை வைத்துக்கொண்டு!

மார்ச் 4

போனேன். ஒன்றரை விரல்தான் திறந்தது. திரும்பி வந்துவிடலாமா என்று வாசலிலேயே இரண்டு தரம் நின்றேன்.

முதலை அத்தை குளத்தில் கண்ணை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். வேலை எதுவும் கிடையாது. போகிற வருகிற மிருகத்தை எல்லாம் குறை சொல்வாள். அதுவும் எப்படி? "நான் ஒண்ணும் சொல்லல" என்று ஆரம்பித்துவிட்டுப் பத்து நிமிஷம் சொல்வாள். எங்கள் சொந்தத்திலேயே இந்த மாதிரி ஏழெட்டு முதலைகள் உண்டு, எனக்கா தெரியாது!

ஆனால் வாய் திறந்தால்தானே! பல்லைக் கடித்தபடி, உதட்டோரமாக, வலிக்காமல் எவ்வளவு முடியுமோ அவ்வளவு பேசினேன். எனக்குக் கேட்கவே கேவலமாக இருந்தது. நடுவில் இயக்குநர் சிரித்தார். நல்ல சிரிப்பா, பாவம் என்கிற சிரிப்பா? அந்த அம்மாளின் முகத்தில் எதுவும் தெரியாது. "சரி, சொல்லி அனுப்பறோம்" என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லி யார் அனுப்பியிருக்கிறார்கள்?

மார்ச் 5

போன் வரவில்லை. பல் மட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது.

மார்ச் 7

கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு! கிடைச்சிடுச்சு!

இருபத்தாறு எபிசோட். ஏப்ரல் 13 முதல் ஒலிப்பதிவு. ஒலிக்காரர்தான் போன் செய்தார். இயக்குநர் சொன்னாராம், "எனக்கு அந்தக் குரல்தான் வேணும், அதே குரல், ஒரு இம்மி மாறக்கூடாது" என்று. நான் குதித்தேன். குதித்ததில் தாடைக்குள் மின்னல் வெட்டி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே சிரித்தேன். சிரித்தாலும் வலிக்கிறது, கர்மம்!

வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேருக்குப் போன இடத்திலிருந்து கிரீஸ் கையோடு வந்தார். சொன்னேன். என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றிவிட்டார். புடவையில் ஐந்து விரலும் பதிந்திருக்கிறது. போகட்டும், நல்ல புடவை இல்லை.

"சந்தோஷம் எல்லாம் சரி, திங்கட்கிழமை பல் டாக்டர்கிட்ட போற. கதவு பாதிதான் திறக்குதுன்னா லிஃப்டை நிறுத்திட்டுப் பாக்கணும்" என்றார். உலகத்தில் எல்லாமே இவருக்கு லிஃப்ட்தான்.

மார்ச் 9

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிக் காட்டினாள். எல்லாப் பல்லும் வரிசையாக நிற்க, கீழ் வரிசையில் கடைசியாக இரண்டு பக்கமும் ஒவ்வொன்று பாய் விரித்துப் படுத்துக்கிடக்கிறது. ஞானப்பல்லாம்! இது ஞானம் என்றால் எனக்கு வேண்டவே வேண்டாம்.

"இடது பக்கம் இப்போதைக்கு அமைதியா இருக்கு. வலது பக்கம் ஈறுல சீழ் வச்சிருக்கு. அதனாலதான் தசை இறுகி வாய் திறக்க மாட்டேங்குது. ஏழு நாள் மாத்திரை. சீழ் அடங்கினதும் பல்லை எடுத்துடலாம், இல்லைன்னா மறுபடி மறுபடி வரும்."

"எடுத்தா ஒண்ணும் ஆகாதே?"

அவள் எக்ஸ்ரேயில் பல்லுக்கு அடியில் ஓடும் ஒரு கோட்டைத் தொட்டாள். "இது கீழுதட்டுக்குப் போற நரம்பு. பல்லோட வேர் இதை உரசிட்டு இருக்கு. நூத்துல சில பேருக்கு உதடு கொஞ்ச நாள் மரத்துப் போகும். சில வாரம், சில மாசம். அதுலயும் ரொம்ப ரொம்ப அபூர்வமா திரும்ப வராமலும் போகலாம். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

சொன்னேன். "ஓ" என்றாள். அந்த "ஓ" எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 12

மாத்திரை வேலை செய்கிறது! நாலு விரல் நுழைகிறது! கொட்டாவி விட்டேன், முழுக் கொட்டாவி, என்ன சுகம்! இட வலமாகத் தாடையை ஆட்டினேன். குளித்துவிட்டுக் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, வா முதலை அத்தை, ஒரு கை பார்க்கலாம் என்று ஆரம்பித்தேன். "நான் ஒண்ணும் சொல்லல."

முதலையைக் காணோம்.

யாரோ ஒரு பெண்பிள்ளை வயசானவள்போலப் பேசுகிற குரல்தான் வந்தது. மறுபடி. மறுபடி. இருபது தரம் சொல்லியிருப்பேன். ஐயோ, அவர்கள் தேர்ந்தெடுத்தது என்னை இல்லையா? அந்தச் சீழையா? வாய் திறக்காததால் வந்த குரல் அது. வாய் திறந்ததும் போய்விட்டது!

"ஒரு இம்மி மாறக்கூடாது." இங்கே முழம் முழமாக மாறிவிட்டது.

மார்ச் 13

பல்லுக்கு நடுவில் தக்கையை வைத்துப் பேசினேன். எச்சில் ஒழுகும் முதலை. ரப்பர் வைத்தேன். குடிகார முதலை. கன்னத்தைக் கையால் அழுத்தினேன். கையை எடுத்தால் முதலை இல்லை, எடுக்காவிட்டால் கை மைக்கை மறைக்கும்.

அக்கா போனில் வந்தாள். சொன்னால் சிரிக்கிறாள், நாசமாப் போனவ. "ஏன்டீ, பல்லுக்கு வந்த வேஷத்தை நீ போட்டுக்கிட்டியா?" சிரித்து முடித்து மூச்சு வாங்கினாள். "பல்லை எடுக்காதடீ. உதடு மரத்துப்போச்சுன்னா கூட்டத்துல கத்தற வேலையும் போயிடும். சும்மா கிடக்கறதை ஏன் போய்ச் சொறியணும்?"

இவர் சொல்கிறார்: எடு. அக்கா சொல்கிறாள்: எடுக்காதே. வாய் என்னுடையது, கட்சி இரண்டு.

எனக்கு ஒரு யோசனை வந்திருக்கிறது. யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 14

நேற்றோடு மாத்திரையை நிறுத்திவிட்டேன். இன்னும் இரண்டு நாள் பாக்கி. லேசாக, கொஞ்சமாக, ஒன்றரை விரல் அளவுக்கு மட்டும் திரும்பி வந்தால் போதும்.

இது பைத்தியக்காரத்தனமா? தெரியும். ஆனால் எட்டு வருஷம்!

மார்ச் 16

வந்துவிட்டாள்! காலையில் பல் தேய்க்கும்போதே தெரிந்தது, பிரஷ் உள்ளே போகவில்லை. ஓடிப்போய்ப் போனில் பதிவு செய்தேன். அவளேதான்! அதே முணுமுணுப்பு, அதே திமிர்! வலி உயிர் போகிறது. அதனால் என்ன? இரண்டு மாசம் இப்படியே ஓட்டிவிட்டால் இருபத்தாறு எபிசோடும் முடிந்துவிடும். வலியும் சந்தோஷமும் ஒன்றாக வந்தால் மனுஷி என்னதான் செய்வாள், பாடிக்கொண்டே துணி காயப்போட்டேன்.

மார்ச் 17

காய்ச்சல். முகம் ஒரு பக்கம் பலாப்பழம். அரை விரல்கூட நுழையவில்லை. முதலையும் இல்லை, நானும் இல்லை. "ம்" மட்டும் வருகிறது. அந்த "ம்" கூட வலிக்கிறது.

இவர் மருந்து தேட அலமாரியைத் திறந்தார். மாத்திரை அட்டை கையில் வந்தது. எண்ணிப் பார்த்தார். தேதியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். போனில் நான் பதிவு செய்ததை நேற்று சாப்பிடும்போது நானேதான் பெருமையாகப் போட்டுக் காட்டியிருந்தேன். அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார். முதலைமாதிரி இல்லை. நிஜமாகவே சொல்லவில்லை. ஆட்டோ கூப்பிடப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. அழ வாயைத் திறக்க முடியவில்லை.

மார்ச் 18

நேற்று டாக்டர் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டாள். சின்னப் பெண் என்று நினைத்தேனே! "இந்தச் சீழ் கழுத்துக்கு இறங்கியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க? மூச்சு விடறதுக்குக்கூட டப்பிங் குடுக்கப்போறீங்களா?" ஊசி, வேறு மாத்திரை, வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பு. மாத்திரையை இவர்தான் எண்ணிக் கையில் தருகிறார். நான் விழுங்கும்வரை நகர்வதில்லை. பேச்சும் இல்லை.

மார்ச் 22

வாய் மறுபடி நாலு விரல். காய்ச்சல் போயே போச்சு. டாக்டர் 26-ஆம் தேதி காலியாக வைத்திருக்கிறாள். "எடுக்கறதுன்னா 24-க்குள்ள சொல்லுங்க. ஏப்ரல் 13-க்கு முன்னாடி வீக்கம் வத்திடும். உதட்டுக்கு மட்டும் நான் உத்தரவாதம் தர முடியாது."

எடுத்தால்: உதடு மரத்துப்போகலாம், வேஷம் போகும், தொழிலும் போகலாம். எடுக்காவிட்டால்: எந்த நாள் வேண்டுமானாலும் மறுபடி பலாப்பழம். பாதி எபிசோடில் வந்தால்? அப்போதும் வேஷம் போகும். இதில் இன்னொரு கூத்து. வாய் நன்றாக இருந்தால் குரலே இல்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

இவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "உன் குரல் முக்கியம்தான். எனக்கு நீ இருந்தாத்தான் அந்தக் குரல்" என்றார். பிறகு உடனே லிஃப்ட் கயிற்றைப் பற்றி ஏதோ பேச ஆரம்பித்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைப் பற்றிக் கேட்டேன்.

மார்ச் 24

இன்றைக்கு நடந்ததை எழுதக் கை பறக்கிறது. மெதுவாக எழுது, ஒழுங்காக எழுது.

ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் போனேன். உண்மையை ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு. ஒலிக்காரர் மட்டும் இருந்தார். எல்லாவற்றையும் கொட்டினேன். பல், சீழ், மாத்திரை, எல்லாம். "சார், நீங்க எடுத்தது என் குரல் இல்ல. என் பல்வலி" என்றேன்.

அவர் தேர்வன்று பதிவானதைத் திரையில் போட்டார். குரல் பச்சைக் கோடாக மேலும் கீழும் துள்ளுகிறது. "இப்ப இதே வசனத்தைப் போய்ப் பேசுங்க" என்றார். பேசினேன். அதையும் கீழே போட்டார். இரண்டு கோடுகள், ஒன்றன்கீழ் ஒன்று.

"குரல் கொஞ்சம் வேறதான். அது பெரிய விஷயம் இல்ல, நானே சரிபண்ணிடுவேன். இங்க பாருங்க." விரலை வைத்தார். மேல் கோட்டில், "நான்" என்பதற்கும் "ஒண்ணும் சொல்லல" என்பதற்கும் நடுவில், கோடு தட்டையாக நீளமாகப் படுத்துக்கிடந்தது. ஒன்றுமே இல்லை. "கிட்டத்தட்ட ஒரு நொடி. இயக்குநரம்மா சிரிச்சது இந்த இடத்துலதான்."

கீழ்க் கோட்டில் அந்த இடமே இல்லை. பேசிக்கொண்டே போயிருந்தேன்.

எனக்கு மண்டையில் உறைத்தது. அன்றைக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னால் பயந்து நின்றேன். அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தால் வலிக்குமே என்று காத்திருந்தேன். அந்தக் காத்திருப்புதான் முதலை அத்தை! எதிரில் நிற்கிறவன், இவள் என்ன சொல்லப்போகிறாளோ என்று நடுங்குகிற அந்த ஒரு நொடி! நான் என்னடாவென்றால் தாடையில் தேடிக்கொண்டிருந்தேன், தக்கையும் ரப்பரும் வைத்துக்கொண்டு!

"எட்டு வருஷமா ஓட்டை விழக்கூடாதுன்னு நான்தான் உங்களைக் கத்திக் கத்திப் பழக்கிட்டேன்" என்றார் ஒலிக்காரர். "இப்ப நானே சொல்றேன். நிரப்பாதீங்க."

மறுபடி உள்ளே போனேன். நான்... நிறுத்தினேன். பழக்கம் பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது, நிரப்பு, நிரப்பு என்று. பாதி நொடியில் விழுந்துவிட்டேன். இன்னொரு தரம். முக்கால் நொடி. பதினோராவது தரமோ பன்னிரண்டாவதோ, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிக்காரர் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

வந்துட்டா! பல்வலி இல்லாமலே வந்துட்டா!

கிளம்புமுன் இயக்குநரிடமும் போனில் சொன்னேன். பல்லை எடுக்கப்போகிறேன், உதட்டுக்கு உத்தரவாதம் இல்லை என்று. அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். (அவரும் நிரப்புவதில்லை!) "உடம்பை முதல்ல பாருங்க. 13-ஆம் தேதி காலையில மைக் முன்னாடி நின்னு பேசினா வேஷம் உங்களுக்குத்தான். முடியலைன்னா எனக்கு வேற வழி இல்ல, இன்னொருத்தரைப் போட வேண்டி வரும்." நியாயம்தான்.

டாக்டருக்குச் சொல்லிவிட்டேன். 26, காலை பத்து.

மார்ச் 25

அக்கா நாலு தரம் கூப்பிட்டுவிட்டாள். கடைசியில், "உன் இஷ்டம்டீ. நாளைக்கு நானும் வர்றேன், உன் வீட்டுக்காரர் ரத்தத்தைப் பார்த்தா விழுந்திடுவார்" என்றாள். பத்து மாடி உயரத்தில் கயிற்றில் தொங்குகிற மனுஷன். ஆனால் அவள் சொல்வது உண்மைதான்.

மார்ச் 26

எடுத்தாச்சு. இரண்டாக வெட்டி எடுத்தாள். வலி தெரியவில்லை, சத்தம்தான், மண்டைக்குள் யாரோ மரம் அறுப்பதுபோல. இவர் விழவில்லை. அக்காதான் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். வாயில் பஞ்சு. சிரிக்கக்கூடாதாம்.

மார்ச் 28

மரப்பு ஊசியின் வேகம் எப்போதோ தீர்ந்துவிட்டது. கீழுதட்டில் வலது பாதி மட்டும் இன்னும் என்னுடையது இல்லை. தொட்டால் வேறு யாரையோ தொடுகிற மாதிரி இருக்கிறது. தண்ணீர் குடித்தால் அந்த ஓரமாக வழிகிறது.

நூத்துல சில பேர். சரி. அந்தச் சில பேரில் நான்.

ஏப்ரல் 2

தையல் பிரித்தாயிற்று. டாக்டர் ஊசி முனையால் உதட்டை மெல்லக் குத்தினாள். "இங்க? இங்க?" ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. "நரம்பு அறுபடல, அது எனக்கு நல்லாத் தெரியும். அசைவும் நல்லா இருக்கு, உணர்ச்சிதான் தூங்குது. எழுந்துக்கும். எப்போன்னு கேக்காதீங்க" என்றாள்.

பதினோரு நாள் இருக்கிறது. பொறு. இதையும் நிரப்பாதே.

ஏப்ரல் 6

குறுகுறு! டிபன் சாப்பிடும்போது உதட்டோரத்தில் எறும்பு ஊர்வதுபோல! தட்டிவிடப் பார்த்தேன், எறும்பே இல்லை! "ஏங்க! எறும்பு இல்ல!" என்று கத்தினேன். இவர் சமையலறையிலிருந்து துடைப்பத்தோடு ஓடிவந்தார். எறும்பு இல்லை என்பதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று விழித்தார். புரிந்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் விரலால் என் உதட்டோரத்தைத் தொட்டு, "இங்க? இங்க?" என்று டாக்டர் மாதிரியே கேட்டார். அங்கே தெரிந்தது. இங்கேயும் கொஞ்சம்.

ஏப்ரல் 9

"ப" வருகிறது, "ம" வருகிறது, "வ" தான் கொஞ்சம் காற்றோடு போகிறது. முதலை அத்தைக்கு அது பொருந்துகிறது. கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசாமல் இருக்கப் பழகினேன். எட்டு வருஷத்தில் இவ்வளவு கஷ்டமான வேலை செய்ததே இல்லை!

ஏப்ரல் 13

எட்டு மணிக்கே போய்விட்டேன். உதட்டில் ஒரு பொட்டு அளவுக்கு இன்னும் மரப்பு இருக்கிறது. இயக்குநர் என் முகத்தைப் பார்த்தார், மைக்கைக் காட்டினார்.

சிவப்பு விளக்கு. திரையில் குளம், தண்ணீருக்கு மேல் இரண்டு கண். கரையில் ஒரு ஆமை, புதுத் தொப்பி போட்டுக்கொண்டு ஆசையாக நிற்கிறது.

"நான்..."

நிறுத்தினேன். ஆமை தொப்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. வலிக்குமோ என்று தாடை பழக்கத்தில் காத்திருந்தது. வலி வரவில்லை.

"...ஒண்ணும் சொல்லல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். சத்தம் இந்தப் பக்கம் வராது. ஆனால் நன்றாகத் தெரிந்தது. ஒலிக்காரர் கட்டைவிரலைத் தூக்கினார். அடுத்த வசனத்துக்கு விளக்கு எரிந்தது. மதியத்துக்குள் முதல் எபிசோட் முடிந்துவிட்டது. பக்கத்து அறையில் வேறு ஏதோ படத்துக்குக் கூட்டக்குரல் நடக்கிறது. வழக்கமாக நான் நிற்கிற ஓரத்தில் புதிதாக ஒரு பெண் நிற்கிறாள். காது கிழியக் கத்தினாள், நன்றாகவே கத்தினாள்.

வெளியே வந்து வருகைத் தாளில் கையெழுத்துப் போட்டேன். "பாத்திரம்" என்கிற கட்டத்தில் கை தன் போக்கில் "கூட்டம்" என்று எழுதிவிட்டது. அதை ஒரு கோடு போட்டு அடித்தேன். மேலே மிச்சமிருந்த இடத்தில், எழுத்தைப் பொடியாக்கி, இடித்துப் பிடித்து எழுதினேன்: முதலை அத்தை.